ஞமலியும் நானும் பழவேற்காடு ஏரியும்

தர்மபுத்திரருடைய கடைசிப் பிரயாணத்தில் திரௌபதியும் தம்பிமார் நால்வரும் வழியில் ஒருவர் பின் ஒருவராக விழுந்துவிட, முடிவு வரையில் அவரைத் தொடர்ந்து சென்றது ஒரு நாய்தான். அந்த நாயை விட்டுவிட்டு வருவதாயிருந்தால் ரதத்தில் இடம் உண்டு என்று இந்திரன் சொன்னபோது, அப்படிப்பட்ட சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதாக மகாபாரதம் கூறுகிறது. பிரயாணத்துக்கு நாயைப் போன்ற துணை வேறில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

ஆனால் இந்திரனுடைய கட்சியை இன்றைக்கும் விடாமல் பிடித்துக் கொண்டிருப்பவர்கள் ரயில்வேக்காரர்கள். விதிப்படி நாய் முதல் வகுப்பில் போகலாம்; அதற்குத் தனி அறை முழுவதையும் எஜமான் அமர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டியில் தனிமைச் சிறை. நான் குடியிருக்கும் அனுப்பம்பட்டில் நிற்பவையோ புறநகர் மின்சார ரயில்கள். அவற்றில் தனி அறையும் கிடையாது, நாய்ப்பெட்டியும் கிடையாது. ஆகையால் ஞமலியுடன் வெளியூர் போக வேண்டுமானால் சாலை வழிதான் கதி.

ஞமலி என்பது எங்கள் நாயின் பெயர். பூழி நாட்டார் நாயை ஞமலி என்பார்கள் என்று தொல்காப்பிய உரைகாரர்கள் திசைச்சொல்லுக்கு உதாரணம் காட்டுவதுண்டு. அதை வகுப்பில் சொல்லிக் கொடுத்த மறுநாள் மழைக்கு ஒதுங்கி எங்கள் திண்ணையில் வந்து படுத்தது ஒரு செவலைக் குட்டி. என் பெண் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று குலம் கோத்திரம் சொல்லிக்கொள்ளும் நாய்கள் நம் நாட்டில் உண்டு. ஞமலிக்கு அவ்வித பாத்தியதை ஒன்றும் இல்லை. சுத்தமான தெரு நாய். ஆனால் பிரயாணம் என்றால் உயிர்.

நாயோடு நெடும் பிரயாணம் செய்வதில் பெயர் போனவர்கள் ஆஸ்திரேலியர். அந்த நாட்டின் உட்பகுதியில் ஒரு நாள் முழுவதும் வண்டி ஓட்டினாலும் எதிரே மனித முகம் தென்படாத சாலைகள் உண்டு. அங்கே நாய் என்பது விளையாட்டுப் பொருள் அல்ல. பேச்சுத் துணை, காவல் துணை, இரண்டும் அதுதான். எருதுகள் பூட்டிய பார வண்டிகளை ஓட்டிச் சென்ற அந்தக் காலத்து வண்டிக்காரர்களுடைய நாய்க்கு கண்டகாய் என்ற ஊருக்கு அருகில் சிலை வைத்து, அதை 1932-ம் வருஷம் பிரதம மந்திரியாயிருந்த ஜோசப் லயன்ஸே திறந்து வைத்தார். தென் ஆஸ்திரேலியாவில் பாப் என்று ஒரு நாய் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இஷ்டம்போல் ரயில் ஏறி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு டிக்கட்டும் கிடையாது, நாய்ப்பெட்டியும் கிடையாது. அது கழுத்தில் அணிந்திருந்த பட்டையை இன்றும் பொருட்காட்சிச் சாலையில் வைத்துப் போற்றுகிறார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய பாலைவனம் வேண்டாம். வீட்டு வாசலில் இருந்து புறப்பட்டு, பழவேற்காடு ஏரியின் தென் முனையையும் மேற்குக் கரையையும் பார்த்துத் திரும்பினால் சுமார் 160 கிலோ மீட்டர் ஆகிறது. ஒரு நாள் பிரயாணத்துக்கு அது போதும். தை மாதத்து விடுமுறை நாள் ஒன்றில், என் மைத்துனருடைய பழைய மோட்டார் வண்டியில், அவரும் நானும் ஞமலியும் புறப்பட்டோம்.

விடியற்காலைச் சாலை

நாயோடு புறப்படுகிறவர்கள் சில காரியங்களை முன்னதாகச் செய்துகொள்ள வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே ஆகாரம் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் வண்டியின் மெத்தைக்கு ஆபத்து. குடிதண்ணீர், அகலமான தட்டு, பலமான கயிறு, வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்ட அத்தாட்சி ஆகியவை அவசியம். எல்லாவற்றையும்விட முக்கியம், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நாயை வைத்துப் பூட்டிவிட்டுப் போகாமல் இருப்பது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. மூடிய வண்டியில் சில நிமிஷங்களிலேயே அதற்குப் பிராணாபாயம் நேர்ந்துவிடும்.

காலை ஐந்து மணிக்கு அனுப்பம்பட்டு தூங்கிக்கொண்டிருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இரு புறமும் பனி மூடிய நெல் வயல்கள். பாதி வயல்களில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. பொன்னேரியில் ஆரணியாற்றுப் பாலத்தருகில் வண்டியை நிறுத்தி டீ சாப்பிட்டோம். அகஸ்தீசுவரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் உள்ள ஊர் இது. சித்திரை மாதத்து உற்சவத்தில் சிவனும் பெருமாளும் வீதியில் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். டீக்கடையில் இருந்த உள்ளூர் நாய்களுக்கும் ஞமலிக்கும் நடந்த சந்திப்பு அவ்வளவு சமரசமாக இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் சுமார் 19 கிலோ மீட்டர். நடுவில் திருப்பாலைவனம் என்ற ஸ்தலம். பாலை மரத்தைத் தல விருட்சமாகக் கொண்ட பழைய சிவன் கோயில் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டியதும் நெல் வயல்கள் குறைந்து, பனைகளும் கருவேல முள்ளும் உப்புப் பூத்த வெளிகளும் வருகின்றன. ஏரி கண்ணுக்குத் தெரியும் முன்னரே ஞமலி மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கண்களை மூடிக்கொண்டு, ஆழமாக மூச்சை இழுத்தது. எங்களுக்கு அரை நாழிகை கழித்துத் தெரிந்த சங்கதி அதற்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பழவேற்காடு

இந்தியாவில் உள்ள உவர்நீர் ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. நீளம் சுமார் 60 கிலோ மீட்டர். மழைக்காலத்தில் நிரம்பும்போது பரப்பு 450 சதுர கிலோ மீட்டர் வரையில் இருக்கும். கோடையில் வெகுவாகச் சுருங்கிவிடும். இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான் என்றால் நம்புவது கடினம். ஆறில் ஒரு பங்குதான் தமிழ் நாட்டில் இருக்கிறது. மற்றதெல்லாம் ஆந்திரத்தைச் சேர்ந்தது. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கி ஆறும், வடக்கே சொர்ணமுகியின் கிளையும் இதற்கு நன்னீர் கொண்டுவருகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு நீண்டு படுத்து, கடல் வேறு ஏரி வேறு என்று பிரித்து வைத்திருக்கிறது.

விஜயநகர காலத்தில் பழவேற்காடு பெரிய துறைமுகம். போர்த்துகீசியர் முதலில் வந்தார்கள். பின்னர் டச்சுக்காரர்கள் வேங்கடபதி ராயரின் ஆட்சிக் காலத்தில் அனுமதி பெற்று வந்து இறங்கி, 1613-ல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழ மண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தானம் இதுவே. இங்கிருந்து சாயத் துணிகள் கப்பலேறிக் கீழை நாடுகளுக்குச் சென்றன. வெடிமருந்தும் இங்கே தயாராயிற்று. துணியோடும் மருந்தோடும் மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பது நாம் மறக்கக் கூடாத சரித்திரம். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கு இல்லாமல் விலைபோன ஏழைகள் பல்லாயிரம் பேர் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தேவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

இப்போது கோட்டை இருந்த இடத்தில் முட்புதர்தான் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை மட்டும் தொல்பொருள் இலாகா வேலியிட்டுப் பாதுகாத்து வருகிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக் கூடுகள் நின்று வரவேற்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடமாகையால் ஞமலியை மைத்துனரிடம் வெளியே விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். பெரிய பெரிய கல் பலகைகளில் சித்திர வேலைப்பாட்டோடு டச்சு எழுத்துக்கள். எங்கேயோ பனி பெய்யும் நாட்டில் பிறந்து, இந்த உப்பங்காற்றில் இளவயதில் மாண்டவர்கள் எத்தனையோ பேர்! அவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் எழுதி வைத்துப் போனார்கள். கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பெயரை எழுதி வைக்க இங்கே ஒரு செங்கல்கூட இல்லை.

நாங்கள் வெளியே வந்தபோது தெருவில் முஸ்லிம் பெண்கள் திண்ணையில் அமர்ந்து பனை ஓலைக் கூடைகள் முடைந்துகொண்டிருந்தார்கள். சாயம் தோய்த்த ஓலையும் வெள்ளை ஓலையும் மாறி மாறி வர, விரல்கள் கண்ணை எதிர்பார்க்காமலே வேலை செய்கின்றன. மூடி போட்ட சிறு பெட்டி ஒன்று வாங்கினேன். ஞமலி அதை முகர்ந்து பார்த்து, தின்பண்டம் அல்லவென்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முகத்துவாரம்

என்னிடம் பதினோராம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் ஏரிக்கரைக் குப்பங்களில் ஒன்றிலிருந்து தினந்தோறும் வருகிறான். கணக்கில் கெட்டிக்காரன். அவனுடைய தகப்பனாரைப் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பிரயாணத்தின் உத்தேசங்களில் ஒன்று. பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்ததும் ஏழெட்டுக் குழந்தைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்; என்னைப் பார்க்க அல்ல, ஞமலியைப் பார்க்க.

"வாங்க ஸார், வாங்க! நாயைக்கூட இட்டுக்கினு வந்திருக்கீங்களே!" என்று சொல்லிக்கொண்டே, பழுது பார்த்துக்கொண்டிருந்த வலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார் பையனின் தகப்பனார்.

பையனின் பாட்டி உள்ளே இருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் தட்டு ஞமலிக்கு, அப்புறம்தான் எங்களுக்கு. "வாயில்லாப் பிராணி, அதுக்கு முதல்ல வெய்யிங்க, வாத்தியாரே" என்றாள்.

பேச்சு இறால் வலையைப் பற்றிப் போயிற்று. பழவேற்காட்டு ஏரியில் வெகு காலமாக "பாடு" என்ற முறை இருந்துவருகிறது. ஏரியில் இறால் அதிகம் விழும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதை உரிமையுள்ள குப்பத்தார் கூடி, சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அதே இடம் நாளைக்குக் கிடையாது. பணக்காரனுக்கு ஒரு பாடு, ஏழைக்கு ஒரு பாடு என்பது கிடையாது. அரசாங்கச் சட்டமோ கோர்ட்டோ இல்லாமல், மீனவர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட நியாயம் இது. உலகத்தில் பொதுச் சொத்தை மக்கள் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்கிற பண்டிதர்கள் பலர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாட்டு உரிமை இல்லாதவர்களும் ஏரியில் உண்டு. இருளர்கள் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பையைப் பல்லால் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நகர்கிறார்கள்.

"முறை இருக்குது ஸார். இறால் இருக்கணுமே!" என்றார் அவர்.

இறாலின் கதை விசித்திரமானது. அது முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து, அங்கே சேற்றில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பி இனப்பெருக்கம் செய்கின்றன. ஆகவே முகத்துவாரம் என்பது ஏரிக்கு மூக்கு மாதிரி. அது திறந்திருந்தால் ஏரி மூச்சு விடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் பாய்ந்து முகத்தை உடைத்துத் திறந்துவிடும். பங்குனிக்குப் பிறகு, கரையோரமாகக் கடல் நீரோட்டம் தள்ளிக்கொண்டுவரும் மணல் அதைச் சிறுகச் சிறுக அடைக்கும். அடைபட்டால் ஏரித் தண்ணீர் வெயிலில் வற்றி, கடல் நீரையும் மிஞ்சிய உப்பாகிவிடும். மீன் செத்து மிதக்கும். ஏரிக்குள் படகை நிறுத்தியிருப்பவர்களுக்குக் கடலுக்குப் போக வழியும் இராது.

அதை நேரில் பார்க்கலாம் என்று கிளம்பினோம். உல்லாசப் பிரயாணிகள் படகில் போவதற்குத் தடை இருக்கிறது. 2011-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று படகு கவிழ்ந்து 22 பேர் மாண்ட துக்கத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. ஆகையால் கலங்கரை விளக்கத்தின் பக்கமாகச் சென்று, கடற்கரை மணலில் நடந்தோம்.

ஞமலியின் கயிற்றை நான் விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தை முதல் பங்குனி வரையில் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து மணலில் குழி பறித்து முட்டையிடுகின்றன. அந்த முட்டைகளைத் தோண்டித் தின்பவற்றில் முதன்மையானவை நாய்கள். வழியில், வலையில் சிக்கி மூச்சு முட்டி இறந்துபோன ஆமை ஒன்று கரை ஒதுங்கிக் கிடந்தது. ஆமை தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். ஞமலி அதன் அருகில் போய் நின்று, குரைக்காமல், வாலைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கியது.

முகத்துவாரம் அன்று திறந்திருந்தது. ஆனால் அகலம் அதிகமில்லை. ஏரித் தண்ணீர் பச்சையாகவும், கடல் தண்ணீர் நீலமாகவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. இரு புறமும் மணல் மேடு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. படகு ஒன்று அந்தச் சந்தில் நுழையும்போது ஒருவர் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக் கொடுத்தார்.

"வைகாசியிலே வந்து பாருங்க ஸார், இந்த எடத்திலே புள்ளைங்க பந்தாடும்" என்றார் பையனின் தகப்பனார். அப்புறம் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "புள்ள கும்மிடிப்பூண்டியிலே கம்பெனி வேலைக்குப் போறேன்றான். எங்க அப்பாரு, பாட்டன் எல்லாம் இந்தப் பாட்டிலேயே இருந்தவங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு, படித்து முன்னுக்கு வா என்று சொல்வது எளிது. முன்னூறு வருஷத்துக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக ஒரு தண்ணீரைத் தெரிந்துகொண்டவர்களிடம், அந்தத் தெரிவு இனிமேல் உதவாது என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "பரீட்சையா ஸார்?" என்றார்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. எங்களுக்கு மடவைக் குழம்பு. ஞமலிக்கு உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கிய மீனும் சோறும். பாட்டி தன் கையாலேயே முள்ளை எடுத்துப் போட்டாள். அன்று முழுவதும் ஞமலிக்குக் கிடைத்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு எனக்குக் கிடைத்திருந்தாலும் போதும்.

எல்லை தாண்டி

மறுபடி பொன்னேரிக்கு வந்து, கவரப்பேட்டை வழியாகப் பெரிய வடக்குச் சாலையைப் பிடித்தோம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்தபோது பையனின் ஞாபகம் வந்தது. ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தமிழ் நாட்டின் எல்லை. தடாவில் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. ஞமலிக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஏரியில் உள்ள மீனுக்கும் தெரியாது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரியும் வரையில் இந்த ஏரி முழுவதும் ஒரே மாகாணத்தில் இருந்தது. எங்கே வலை போடலாம், எங்கே போடக் கூடாது என்று இரு பக்கத்து மீனவர்களுக்குள்ளும் அப்போதைக்கப்போது மனத்தாங்கல் ஏற்படுவதுண்டு. வடக்கே ஏரியின் மறு கோடியில் இருக்கிறது துர்க்கராஜபட்டினம். ஆங்கிலேயர் 1626-ல் ஆர்மகான் என்ற பெயரில் அங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள். அது சரிப்படாமல் போனதால்தான் பிரான்சிஸ் டே என்பவர் வேறு இடம் தேடிக்கொண்டு தெற்கே போய் 1639-ல் சென்னைப் பட்டினத்தைப் பிடித்தார். டச்சுக்காரர் பழவேற்காட்டில் பலமாக இல்லாதிருந்தால் சென்னை நகரம் எங்கே இருந்திருக்குமோ!

சூளூர்ப்பேட்டையில் வலது பக்கம் திரும்பினோம். ஸ்ரீஹரிக்கோட்டைக்குப் போகும் சாலை ஏரியின் நடுவே நேர் கோடாகச் செல்கிறது. 1971 முதல் அந்தத் தீவிலிருந்து ராக்கெட்டுகள் புறப்பட்டுவருகின்றன. 2023-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி சந்திரயான்-3 சந்திரனை நோக்கிக் கிளம்பியதும் அங்கிருந்துதான். தீவுக்குள் போக அனுமதி வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எங்களுக்கு வேண்டியவர்கள் சாலையின் இரு புறமும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பூநாரைகள்! முதலில் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தது. நெருங்க நெருங்க அந்தக் கோடு இளஞ்சிவப்பாயிற்று. நீண்ட கால்களோடு ஆயிரக்கணக்கில் நின்று, வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றைச் சலித்து நுண்ணுயிர்களைத் தின்றுகொண்டிருந்தன. குளிர் காலத்தில் இவை இங்கே பெருந்திரளாகக் கூடுகின்றன. சற்று வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அந்தக் கிராமத்தார் பறவைகளை விரட்டுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுடைய அநுபவம்.

வண்டியை ஓரமாக நிறுத்திக் கீழே இறங்கினோம். ஞமலி கயிறு அறுந்துவிடும் போல் இழுத்தது. அதே சமயம் பக்கத்துக் கிராமத்து நாய்கள் இரண்டு சரிவில் இறங்கி ஆழமில்லாத தண்ணீரில் பாய்ந்து ஓடின. ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஓட்டமாக ஓடி மேலே எழும்பின. சிறகுகளின் அடியில் இருந்த செந்நிறமும் கறுப்பும் திடீரென்று விரிந்து, ஆகாயத்தில் தீப்பற்றியது போல் இருந்தது. பார்க்க அதி அற்புதமான காட்சிதான். ஆனால் ஆயிரம் மைல் பறந்து வந்த பிராணிக்கு இப்படி ஒவ்வொரு முறை எழும்புவதும் தின்ற ஆகாரத்தை வீணாக்குவதாகும். கூட்டத்தில் நின்றவர்கள் சிலர் படம் எடுப்பதற்காக மறுபடியும் நாய்களை ஏவிவிட்டார்கள். மைத்துனர் போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். நல்ல வேளையாக அவருக்குத் தெலுங்கு தெரியும்.

ஞமலியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட வேண்டும் என்ற ஆசையும் ஓடாமல் இருக்க வேண்டும் என்ற கட்டளையும் ஒரே உடம்புக்குள் சண்டை போட்டால் நாய் நடுங்குகிறது. மெல்ல மெல்லப் பறவைகள் வட்டமிட்டு இறங்கின. ஞமலியும் பெருமூச்சு விட்டுத் தலையை என் முழங்கால் மீது சாய்த்தது.

பதில்

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் காலையில் கேட்ட கேள்விக்கு விடை தேடத் தொடங்கினேன்.

சில்கா ஏரியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. முகத்துவாரம் தூர்ந்து, உப்புக் குறைந்து, பாசி பெருகி, மீன் குறைந்து, மீனவர்கள் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 2000-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கடலுக்குப் புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தார்கள். வெகு சீக்கிரத்தில் மீனும் இறாலும் நண்டும் திரும்பி வந்தன. அபாய நிலையில் உள்ள நீர்நிலைகளின் சர்வதேசப் பட்டியலில் இருந்து 2002-ல் அதன் பெயரை எடுத்துவிட்டார்கள். ஏரி தானாகச் சாவதில்லை. தானாகப் பிழைப்பதும் இல்லை என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

பழவேற்காட்டிலும் மணலை வாரி முகத்தைத் திறப்பதும், அது மீண்டும் அடைவதும் பல தடவை நடந்திருக்கின்றன. இரு புறமும் கல் கரை கட்டி முகத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாளைய கோரிக்கை. கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறு பக்கம் கரை அரிக்கும் என்பதைச் சென்னைத் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து நாம் பார்த்துவருகிறோம். ஏரிக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்திருக்கின்றன. ஆகையால் இந்தக் கரையில் எந்தக் கல்லைப் போடுவதானாலும் கணக்குப் பார்த்துத்தான் போட வேண்டும். வடக்கேயோ, நாங்கள் உட்கார்ந்திருந்த சாலையே தண்ணீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ராக்கெட் வேண்டும், சாலையும் வேண்டும். சாலைக்கு அடியில் தண்ணீர் தாராளமாகப் போக வழியும் வேண்டும்.

இதையெல்லாம் பார்க்கக் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். அது மட்டும் போதாது. வைகாசியில் மணல் எங்கே நாக்கை நீட்டும், கார்த்திகையில் எங்கே உடையும் என்பதைப் பாட்டனாரிடம் கேட்டு வளர்ந்தவர்களாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மண்டையில் இருப்பது அபூர்வம். அந்தப் பையனுக்கு இரண்டும் இருக்கின்றன.

டெலிபோனில் தகப்பனாரைக் கூப்பிட்டேன். "பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும். அதற்கு மேல் கடலையும் கரையையும் பற்றிய படிப்பு இருக்கிறது. மீன்வள சாஸ்திரமும் இருக்கிறது. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஏரி அவன் கண்ணை விட்டு மறையாது. வலையை விட்டுவிட்டு ஓடிப்போகிற படிப்பு அல்ல இது" என்றேன்.

மறுபுறத்தில் கொஞ்ச நேரம் காற்றின் சப்தம் மட்டும் கேட்டது. "அதுவரைக்கும் முகம் தொறந்திருக்குமா ஸார்?" என்று கேட்டார்.

இதற்கு நான் மட்டும் பதில் சொல்ல முடியாது. சென்னையிலும் அமராவதியிலும் தீர்மானம் செய்கிறவர்கள் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு இறாலையும் நண்டையும் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிற பட்டினவாசிகள் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பூநாரையைப் பார்த்து ஆனந்தப்பட்டு வீடு திரும்புகிறவர்கள், அவை எதைத் தின்று வாழ்கின்றன என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் நியாயத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் எழுத்து வாசனை அறியாத அந்தக் குப்பத்துப் பெரியவர்கள். ஏரியின் வாயைத் திறந்து வைத்துக் கொடுப்பது படித்தவர்களாகிய நம்முடைய முறை.